பச்சைத் தண்ணீர்

கடல் ஆராய்ச்சிப் படகில் வேலை பார்க்கும் ஜெசிந்தா இழுத்த மெல்லிய வலையில் அன்று ஒன்றுமே இல்லை. மீனுக்கெல்லாம் ஆதித் தீனியான நுண்பாசி, உருப்பெருக்கியில் பார்த்தும் கண்ணில் படவில்லை. ஆழத்துக் குளிர்நீர் மேலே எழும்பி உரம் கொண்டுவந்தால்தான் அது முளைக்கும். அந்த வருஷம் மேல்தண்ணீர் சுட்டுக் கிடந்தது. அடியிலிருந்து எதுவும் ஏறி வரவில்லை.

மீன்பிடிக்கப் போகும் அவள் தம்பி ஆன்றோ கேட்டான். “எந்தப் பக்கம் போனா மீன் கெடைக்கும், அக்கா?”

“எங்கயும் இல்லலே. போவாத.”

“அப்போ இன்னும் தூரமாப் போய்ப் பாக்கேன்” என்று சிரித்துவிட்டுப் போனான். படகும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. தேடிப் போனவர்களுக்கு ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

மறு வருஷம் ஆவணியில் கடல் குளிர்ந்தது. அவளுடைய வலை பச்சைப்பசேலென்று ஏறி வந்தது. கடலில் சாகிறதெல்லாம் அடியில் போய் மக்கி, உரமாகி, இந்தப் பச்சையாகத்தான் மேலே வரும் என்று எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறாள். இப்போது அதைப் புட்டியில் ஊற்ற மனம் வராமல், உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றாள்.

அந்தப் பச்சையைத் தின்று பெருகிய சாளை மீன் கரையெல்லாம் மலிந்து கிடந்தது. வீட்டில் அம்மா குழம்பு வைத்திருந்தாள்.

“எத்தனை நாளாச்சு இந்த வாசம் வந்து. தின்னு மக்கா.”

ஜெசிந்தா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள்.

“என்ன, நல்லால்லியா?”

“நல்லாருக்கும்மா.”

அம்மா தன் தட்டில் முள்ளைக்கூட விடாமல் சப்பிக்கொண்டிருந்தாள்.