சிவப்புத் தோல்

"அந்த ஏர் கன்னைப் பழைய இரும்புக்குப் போட்டுத் தொலைடா," என்று அப்பா மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

"தோல் வாஷர் காஞ்சுபோய்க் காத்து கசியுதுப்பா. மாத்தினா பழையபடி சுடும். கடைசியா கழட்டினது நீங்கதானே?" என்றபடி மகன் ஸ்பிரிங்கைத் தளர்த்தினான்.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?"

தங்கை சிரித்தாள். "தோல்னதும் எனக்கு ஞாபகம் வருது. அம்மாவோட சிவப்புக் கைப்பையை வெட்டிட்டு, அவங்ககிட்ட கரண்டியாலயே அடி வாங்கினியேண்ணா!"

"நான் வெட்டலைன்னு முப்பது வருஷமா சொல்றேன். ஒருத்தரும் நம்பல."

பிஸ்டன் வழுக்கி வெளியே வந்தது. அதன் முனையிலிருந்த வாஷரின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தான். சிவப்புத் தோல். அம்மாவின் பையிலிருந்த பூ வேலைப்பாடுகூட அதில் அழியவில்லை.

அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

"அம்மா," என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான் மகன், "அந்தக் கரண்டி இன்னும் இருக்கா?"