எட்டாம் மாடித் தீவிரவாதி

“இந்த வீட்டுல ஒருத்தர் தீவிரவாதியா மாறிக்கிட்டு வர்றதா புகார் வந்திருக்கு, ஆன்ட்டி.”

சாதாரண உடையில் வந்திருந்த போலீஸ் அதிகாரி நவமணி இதைச் சொன்னதும் வள்ளியம்மா நடுங்கிய நடுக்கத்தில், ஜார்ஜ்டவுன் அடுக்குமாடியின் எட்டு மாடிகளும் சேர்ந்து ஆடியிருக்க வேண்டும். ஒரே மகன் தனேஷ் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். பிடித்துக்கொண்டு போய்விட்டால்?

“தீவிரவாதின்னா குண்டு வைக்கிறவன்தானே மேடம்? என் பிள்ளை கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்துல ஏத்தி வெளியில விடுவான்.”

“குண்டு வரைக்கும் போக வேணாம் ஆன்ட்டி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாறுவாங்க. நாள் பூரா போன்ல அரசியல். ஒத்துக்காதவங்க எல்லாம் எதிரி. பழைய கூட்டாளிங்களை வெட்டி விட்டுருவாங்க. அப்புறம் அடி, கொளுத்துன்னு பேச்சு வரும்.”

“அரசியலா? அவனா? பத்து காவான் ஊர்ல, பேக்டரியில நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தான்னா, பிரதமர் மாறினாலும் எழுந்திரிக்க மாட்டான்லா.”

“கூட்டாளிங்க?”

“ஸ்கூல்ல இருந்து அதே நாலு பேருதான். நாலு பேரும் நாலு கட்சி. வெட்கமில்லாம ஒரே மேசையில தட்டைப் போட்டு மக்கான் பண்ணுவானுங்க.”

நவமணி எழுதிக்கொண்டாள். பேனா கீறிக்கொண்டே போனது.

“யாரு மேடம் புகார் கொடுத்தது? பக்கத்து வீட்டு லோகேஸ்வரிதானே? முப்பது வருஷப் பழக்கம், போன எலெக்‌ஷனோட அறுத்தாச்சு. அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவ. துரோகி.”

பேனா நின்றது.

“அவங்க இல்ல ஆன்ட்டி.”

“யாரா இருந்தா எனக்கென்ன?” வள்ளியம்மா ஓடிப்போய் உள்ளறைக் கதவை மறித்துக்கொண்டாள். “என்னை வெட்டிப் போட்டுட்டுத்தான் என் பிள்ளையைத் தொடணும்.”

பின்னால் கதவு திறந்தது. தூக்கம் கெட்ட கண்களுடன் தனேஷ் தாயின் தோளைப் பிடித்தான்.

“மெதுவா மேடம், அம்மாவுக்கு பிரஷர் இருக்கு. முத்திப் போறதுக்குள்ள காப்பாத்தணும்னு நான்தாம்மா இவங்களைக் கூப்பிட்டேன்.”

நவமணி தன் போனை அழுத்தினாள். நாற்பத்திரண்டு வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போயிருந்த குரல் அறையை நிறைத்தது: “அவனுங்க கட்சி ஆபீஸைக் கொளுத்துங்கடா. மண்ணெண்ணெய் இல்லேன்னா எட்டாம் மாடிக்கு வாங்க, இந்த வள்ளியம்மா தர்றேன்.”