ஒரே சஹன்

உப்பள முதலாளி ஜவாஹிர் ஹாஜியாருக்கு மழைப் பயம் பிடித்துவிட்டது. இல்லாவிட்டால் உப்பளத்துக் கேட்டடியில் குந்தியிருந்த கூலியாட்களை வீட்டு விறாந்தைக்குக் கூப்பிட்டுப் பாய் விரிப்பாரா?

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாத்திகளில் விளைந்த உப்பு வாருவாரில்லாமல் கிடந்தது. ஒரு மழை போதும், அத்தனையும் கரைந்து களப்புத் தண்ணீரோடு போய்விடும்.

எல்லோரையும் கேட்டடியில் உட்கார வைத்தவன் அவர்களில் ஒருவனான றஊப். இனாஸைத் திரும்ப வேலைக்கு எடுக்கும்வரை ஒருவரும் பாத்தியில் இறங்குவதில்லை என்று சொல்லிவிட்டான்.

இனாஸ் செய்தது பெரிய குற்றம்தான். கொழும்பிலிருந்து பார்க்க வந்த அதிகாரிகளுக்கு முன்னால், உப்பு தின்ற காலைத் தூக்கிக் காட்டி, இறப்பர் சப்பாத்து கேட்டுவிட்டான். அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். சண்டை முடிந்து பாதை திறந்தபின் ஹாஜியாரின் உப்பு லொறி லொறியாய் யாழ்ப்பாணம் வரை போனது. சப்பாத்து மட்டும் பாத்தி வரை வரவில்லை.

சஹன் வந்தது. பெரிய தட்டம் நிறைய நெய்ச்சோறு, மேலே ஆட்டிறைச்சி. ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாய்க் கை போட்டவர்கள் பிறகு மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஹாஜியார் றஊபுக்குப் பக்கத்திலேயே சம்மணமிட்டார். கெட்டிக்கார மனுஷன்.

முதலில் இனாஸின் விஷயத்தைக் கதைப்போம், பிறகு சாப்பிடலாம் என்றான் றஊப்.

"அவன்ட கதைய நான் முடிச்சிட்டன், தம்பி. கையக் கழுவுங்க."

முடித்துவிட்டாராம்! றஊபுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. அல்ஹம்துலில்லாஹ், வென்றுவிட்டோம். பின்னாலிருந்து யாரோ கை கழுவும் பேசினை நீட்ட, முதல் ஆளாய்க் கையை நீட்டினான்.

கேத்தலிலிருந்து தண்ணீர் விழுந்தது. கேத்தலைப் பிடித்த விரல்களில் உப்பு வெடிப்பு. றஊப் நிமிர்ந்து பார்த்தான்.

இனாஸ். புதுச் சாரமும் தொப்பியுமாய், ஹாஜியாரின் வீட்டு வேலைக்காரனாய் நின்றான்.

றஊப் எழும்பப் பார்த்தான். தண்ணீர் ஊற்றுகிற சாட்டில் இனாஸ் காதடிக்குக் குனிந்தான்.

"எழும்ப வாணாம், நானா. இந்த வேலயும் இல்லாமப் போகும்."

பேசின் அடுத்தவனிடம் போனது. ஒவ்வொருவனாய் நிமிர்ந்து பார்த்தான், ஒவ்வொருவனாய்த் தலையைக் குனிந்துகொண்டான். ஒருவனும் எழும்பவில்லை.

ஹாஜியார் நல்ல துண்டாய்ப் பார்த்து றஊபின் பக்கம் தள்ளிவைத்தார்.

றஊப் பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தான். இறைச்சி நன்றாய் வெந்திருந்தது.