மூன்று நாளில் பாரிஸ்

பாரிஸைச் சுற்றிக் காட்டத் தன்னைவிட்டால் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஆள் கிடையாது என்று பிரின்ஸ்டன் சொல்லிக்கொள்வான். வேறு யாரும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொத்துரொட்டிக் கடையில் கனடாவிலிருந்து வந்த ஒரு தமிழ்த் தம்பதியைக் கண்டதும் அவனுக்குப் பசி பறந்துவிட்டது. யூலியன் நகர வரைபடத்தைத் தலைகீழாக விரித்து வைத்து முழித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பேர்ளியின் கழுத்தில் தாம்புக்கயிறு போல ஒரு தாலிக்கொடி கிடந்தது.

"எங்கை போகப் போறியள், அங்கிள்?" என்று கேட்டுக்கொண்டே கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

"ஒண்டும் விளங்கேல்லைத் தம்பி. திங்களும் லீவு எண்டதாலை வந்தனாங்கள். அதுக்குள்ளை பாரிசைப் பாத்து முடிக்கேலுமோ?"

"நீர் ஆற்றை மகன்?" என்றார் பேர்ளி. எங்கள் சனம் வேறென்ன கேட்கும்?

"மீன்கடை அல்பிரட்டின்ரை மகன், அன்ரி. இஞ்சை ஆரைக் கேட்டாலும் தெரியும்."

அது மட்டும் பொய்யில்லை. அல்பிரட் கடைசிவரை ஒருவரையும் ஏமாற்றாமல் மீன் விற்றுச் செத்துப்போன மனிதர். மகனுக்கு அவர் விட்டுப்போன ஒரே சொத்து அந்த நல்ல பெயர். அதைத்தான் அவன் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத் தின்றுகொண்டிருந்தான்.

அங்கேயே திட்டம் போட்டுக் கொடுத்தான். சனிக்கிழமை சென் நதியில் படகு, ஞாயிறு லூவர், திங்கள் காலை ஈபிள் கோபுரம். அந்தக் கடைசி இடத்துக்கு அவனுடைய கூட்டாளி ஒருவனும் வருவான். எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற இடத்தில் கழுத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்?

"எங்கடை ஹோட்டல் கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலை தம்பி. ரயிலுக்கு வசதி" என்றார் பேர்ளி.

ரயில் இரைச்சலில் படுக்கக் காசு கொடுக்கிற பட்டிக்காடுகள் என்று பிரின்ஸ்டன் மனதுக்குள் சிரித்தான்.

ஆனால் திட்டம் ஓர் அடி நகரவில்லை. சனிக்கிழமை முழுவதும் சேலைக்கடையிலேயே போயிற்று. "படகு எங்கை ஓடப் போகுது?" என்றார் பேர்ளி. ஞாயிறன்று லூவரை நினைவுபடுத்தினால், "படம்தானே, பிறகு பாப்பம்" என்று யூலியன் வடைக் கடைக்குள் நுழைந்தார். பைகளைச் சுமந்தபடி பின்னால் நடந்த பிரின்ஸ்டனுக்கு வாயில் வந்ததெல்லாம் வசைதான். கடல் கடந்து பாரிஸ் வந்து, யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவைப் பார்க்கிற சனத்துக்குத் தாலிக்கொடி எதற்கு?

ஞாயிறு பின்னேரம் வரதராசாவின் நகைக்கடை. பேர்ளி ஓர் ஆரம், ஓர் அட்டியல், கைநிறையக் காப்புகள் எடுத்து வைத்தார்.

"மகனுக்குப் பொம்பிளை பாத்திருக்கு, பக்கத்திலை லெ பிளாங்-மெனிலிலைதான் அவையின்ரை வீடு. கொண்டுபோய்க் காட்டி, பிடிச்சதை வைச்சிட்டு மிச்சத்தை நாளைக்குத் தாறம்."

வரதராசா தலையைச் சொறிந்தார். "காட்டக் குடுக்கிறது வழக்கம்தான். ஆனா தெரிஞ்ச ஆக்களுக்கு மட்டும். நீங்கள் ஆற்றை ஆக்கள்?"

பேர்ளி கண்ணாடிப் பக்கம் திரும்பினார். ஆரத்தைக் கழுத்தில் வைத்துப் பார்த்து, பிரின்ஸ்டனிடம் மெல்ல, "நாளைக்கு ஈபிள் டவரிலை இதையும் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்தால் வடிவா இருக்குமெல்லோ?" என்றார்.

பிரின்ஸ்டன் கணக்குப் போட்டான். தாலிக்கொடியோடு ஆரமும் அட்டியலும் ஒரே கழுத்தில். பழம் நழுவிப் பாலில் விழுகிறபோது கையைக் கொடுத்துத் தடுப்பானா?

"என்ரை சொந்த மாமி, அங்கிள். அப்பாவின்ரை ஒண்டுவிட்ட தங்கச்சி. நான் பொறுப்பு."

"அல்பிரட் அண்ணையின்ரை தங்கச்சியோ? அதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று வரதராசா நகைகளைப் பெட்டியில் அடுக்கினார்.

திங்கட்கிழமை கோபுரத்தடியில் பிரின்ஸ்டனும் கூட்டாளியும் கால் கடுக்க நின்றார்கள். உலகமே வந்து படம் எடுத்துக்கொண்டு போனது, தம்பதியைத்தான் காணவில்லை. மெத்ரோவில் வழி தவறி எங்கோ முழித்துக்கொண்டு நிற்குதுகள் என்று திட்டிக்கொண்டே அவன் லா சப்பலுக்குத் திரும்பினான்.

நகைக்கடை வாசலில் வரதராசா அவனுக்காகக் காத்து நின்றார்.

"உம்மடை மாமி ஆக்கள் நேற்று இரவே ஹோட்டலை விட்டிட்டு ரயில் ஏறிட்டினமாம். போனும் வேலை செய்யேல்லை. நீர்தானே பொறுப்பு?"

பிரின்ஸ்டன் கையை விரித்தான். "இல்லை அங்கிள், அவை வசதியான ஆக்கள். நீங்களும் பாத்தனீங்கள்தானே, அவவின்ரை கழுத்திலை கிடந்த தாலிக்கொடியை."

வரதராசா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அது கவரிங் எண்டு கண்ட உடனையே எனக்குத் தெரியும், பயணத்திலை எங்கடை பொம்பிளையள் ஆர் அசலைப் போடுறது, நான் நகையைக் குடுத்தது உம்மடை அப்பாவின்ரை பேருக்கு."