இடது புருவத்தில் ஒரு வெட்டு

மழை நாளில் வார்னிஷ் அடிக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவனே பொம்மைக்காரன் எலிசேயோதான். எழுதியவனும் அவன், அடித்தவனும் அவன்.

ஹலாபா ஊரில் மழை விடட்டும் என்று காத்திருந்தால் பொம்மைக்கே நரை விழுந்துவிடும். அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை ஸ்ப்ரேயை அழுத்தினான்.

ஈரக்காற்று சும்மா விடவில்லை. பொம்மையின் முகம் பூராவும் வெள்ளை பூத்தது. மூன்று நாள் தீட்டிய கண், இமை, உதடு எல்லாம் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிட்டது.

பஞ்சில் அசிட்டோனை நனைத்து அவன் கடைசியாக உதட்டையும் துடைத்தெடுத்த நேரத்தில்தான் டான் அபுந்தியோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

சந்தையில் கறிக்கடை வைத்திருப்பவர்; ஊரே 'டான்' என்று மரியாதை சேர்த்துத்தான் கூப்பிடும். சனிக்கிழமை அவர் மகள் பெர்லாவுக்குப் பதினைந்து வயது விழா. ஊர் வழக்கப்படி, கோயிலில் பூசை முடிந்து, விருந்துக்கு நடுவில், அப்பா மகள் கையில் கடைசி பொம்மையைக் கொடுக்க வேண்டும். அவள் உடுத்தியிருக்கும் அதே உடை, அவளுடைய அதே முகம். எல்லாரும் கைதட்டுவார்கள். அத்தோடு அவள் சின்னப் பிள்ளை இல்லை.

இன்று வியாழன்.

மேஜை மேல் பொம்மை நின்றது. வெளிர்நீலப் பட்டில் ஏழு அடுக்குப் பாவாடை, கடுகை விடச் சின்ன முத்துகள், இடுப்பு வரை சுருள் முடி. முகம் மட்டும் உரித்த முட்டை.

எலிசேயோவிடம் மூன்று பொய்கள் தயாராக இருந்தன. மூன்றும் கறிக்கடைக்காரரிடம் செல்லுபடியாகிற மாதிரி இல்லை.

"மாஸ்டர், மூஞ்சி எங்க?"

"மழையில போச்சு, டான் அபுந்தியோ. தப்பு என்னோடதுதான். சனிக்கிழமை காலையில அதே அழகோட திருப்பித் தந்துடறேன்."

ஒரு முழு மாட்டுத் தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற மனிதர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி மாதிரி இருந்தது. எலிசேயோ அதை அதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டான்.

"அதே அழகு வேணாம். நேத்து வந்து பார்த்தேனே, ரொம்ப அழகாத்தான் இருந்துச்சு. ஆனா அது அவ இல்ல."

எப்படி இருக்கும்? எலிசேயோ அவளைப் பார்த்ததே இல்லை.

முதல் நாளே அவர் ஓர் உறையில் படம் கொடுத்திருந்தார். உள்ளே ஒரு பையன். ஒட்ட வெட்டிய முடி, பள்ளிக்கூடச் சட்டை, இடது புருவத்தில் ஒரு வெட்டு. படத்தின் பின்புறம், கறிப் பொட்டலத்தில் எடை எழுதும் அதே கையெழுத்தில், 'பெர்லா'.

பெர்லாவின் அண்ணனுடைய படத்தை அவர் தவறிப்போய் வைத்துவிட்டார் என்று எலிசேயோ நினைத்தான். அப்பாக்கள் பெயர் குழம்புவது புதிதா என்ன? அவனுடைய அப்பா முதலில் நாயின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அவன் பெயருக்கு வருவார். பெரியவரைச் சங்கடப்படுத்துவானேன் என்று, பொதுவாகப் பதினைந்து வயதுப் பெண்களுக்கு இருக்கும் என்று தோன்றிய ஒரு முகத்தை அவனே தீட்டிவிட்டான். அதற்கு மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டான். அசல் பேர் சோம்பேறித்தனம்.

"அப்ப பெர்லாவோட படம் ஒண்ணு குடுங்களேன்."

"குடுத்தேனே."

"இல்ல, அதுல இருக்கறது..."

"புருவத்துல வெட்டு இருக்கு பாருங்க, அதை விட்டுடாதீங்க. ஏழு வயசுல என் கடைப் படியில விழுந்தா. நாலு தையல்."

அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே புருவத்தில் வெட்டு. இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும், விழுவதைக்கூடச் சேர்ந்தே விழுந்திருப்பார்கள் என்று எலிசேயோ தன்னைத் தேற்றிக்கொண்டான்.

பேச்சை எங்காவது திருப்பவேண்டுமே. "இது கடைசி பொம்மை. முதல் பொம்மை எப்ப வாங்கிக் குடுத்தீங்க?"

டான் அபுந்தியோ யோசித்தார். "பந்து வாங்கிக் குடுத்தேன். லாரி வாங்கிக் குடுத்தேன், ரிமோட்டுல ஓடுமே, அது. பெட்டியைக்கூடப் பிரிக்கல."

கறி புதுசா என்று கேட்டால் மாட்டின் குணத்தைப் பற்றிச் சொல்கிறவர். அவர் வாயிலிருந்து நேரான பதில் வந்து சந்தையில் யாரும் கேட்டதில்லை.

அவர் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, ஒரு விரலால் பொம்மையின் சுருளை மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு முடி இல்ல அவளுக்கு. இப்பத்தான் காதுக்குக் கீழ வந்திருக்கு."

எலிசேயோவின் கை மேஜை மேலிருந்த கத்தரிக்கோலுக்குப் போனது. ஆறு நாள் உட்கார்ந்து ஊசியால் கற்றை கற்றையாக நட்ட முடி. "வெட்டிடவா?"

"ஐயோ, வேணாம்." கத்தரிக்கோலை அவரே எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தார். "இதைப் பார்த்தா சந்தோஷப்படுவா. மூஞ்சி மட்டும் அவளோடதா இருக்கணும், மாஸ்டர். பொம்மையைத் தூக்கிக் காட்டினதும் அது அவதான்னு அங்க இருக்கற ஒவ்வொருத்தனுக்கும் தெரியணும். வர மாட்டேன்னு நிக்கற என் தம்பி வந்தான்னா, அவனுக்கும்."

எலிசேயோ உறையிலிருந்து படத்தை எடுத்து விளக்கடியில் வைத்தான். பையனைப் பார்த்தான். முட்டையைப் பார்த்தான்.

கேட்காமலே ஒரு முகத்தைக் கெடுத்தாயிற்று. இன்னொன்றைக் கெடுக்க நாள் இல்லை.

"டான் அபுந்தியோ, உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேர்?"

அவர் பையிலிருந்து ஒரு உப்புக்கண்டப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். மழையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

"ஒண்ணு," என்றார். "ஒரே பொண்ணு."