தலையில்லாத திருகு

முதல் திருகு முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

அவள் நூல் பிரியாமல் மெல்ல விடுவித்தாள். கடை மேசைமேல் அவள் கொண்டுவந்த இரும்புப் புல்லி, தறிப்பட்டறை மெஷினின் சுழல் சக்கரம். நடுத்துளையில் கடைக்காரர் ஒரு துண்டுத் தண்டைச் செருகிக் கொடுத்திருந்தார். இரண்டையும் சேர்த்து இறுக்கும் பக்கத்துளையில் திருகு பாதி இறங்கி, மீதி நீட்டிக்கொண்டிருந்தது.

இது நீளம். வேறு கேட்டாள்.

இதற்கு முன்பே அவர் எடுத்துப் போட்டது தலை வைத்த போல்ட். அவள்தான் அது வேண்டாம், தலையில்லாத திருகு வேண்டும் என்றாள்.

“தலையோட இருந்தா ஸ்பேனருக்கு வாட்டமா இருக்குமுங்க்கா. இது கழண்டு விழுந்தாக்கூட தெரியாது.”

உண்மைதான். இது கழன்று தொலைந்தால், மரை பொருந்துகிற ஏதோ ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எல்லாத் தறிப்பட்டறையிலும் அப்படித்தான்.

நேற்று மதியம் வரை அவளும் அதைக் கவனித்ததில்லை.

நேற்று, தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் மெஷினில் அறுந்த நூலை முடியக் குனிந்தாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானை அவிழ்ந்து, ஓடுகிற புல்லியின் மேல் விழுந்தது.

வழுக்கிக்கொண்டு கீழே வந்தது.

அவ்வளவுதான்.

மெஷினை நிறுத்திப் புல்லியைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. திருகு தலையே இல்லாமல் துளைக்குள் அடங்கி உட்கார்ந்திருந்தது.

பிறகு பக்கத்து மெஷினைப் பார்த்தாள். அந்தப் புல்லியில் போல்ட்டின் தலை துருத்திக்கொண்டு சுற்றியது. அதன் முன்னால் மேனகா, புதிதாகச் சேர்ந்த பெண். இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை.

அவள் உடனே போய்ச் சடையைத் தூக்கிக் கட்டச் சொன்னாள். மேனகா கட்டினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி தொங்கியது.

தன் மெஷினுக்குத் தலையில்லாத திருகு போட்டது யார் என்று முதலாளியைக் கேட்டாள்.

“எவனோ ஒரு ஃபிட்டரு. இத்துனூண்டு திருகுக்கு டவுனுக்குப் போயி அரை நாள ஓட்டிட்டான். பேரெல்லாம் ஆருக்கு ஞாபகம்?”

அந்த அரை நாளுக்கு அவன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். அவனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

இன்று மாதாந்திரப் பராமரிப்பு. ஊரில் கரண்ட் இல்லை. நன்றாக ஓடுகிற மெஷினில் உனக்கென்ன வேலை என்று முனகிக்கொண்டே முதலாளி மேனகாவின் புல்லியைக் கழற்றித் தந்தார்.

அடுத்த திருகு குட்டை. மரை சரியாகப் பிடிக்கவில்லை.

அதற்கடுத்தது அளவு பொருந்தியது. ஆனால் முனை தட்டை. முனையில் குழி வைத்ததும் உண்டு, அதன் விளிம்பு தண்டைக் கவ்வும் என்றார் கடைக்காரர். கவ்வுவதையே கேட்டாள்.

இறுக்கினாள். மேலே முந்தானையைப் போட்டு இழுத்தாள்.

முந்தானை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

இன்னொரு முறை இழுத்தாள். துணிக்கடைக்கு வந்ததாக நினைத்துக்கொண்டாளோ என்பதுபோல் கடைக்காரர் பார்த்தார்.

முறுக்குவதற்குச் சாவி என்று ‘ட’ வடிவில் வளைந்த ஒரு கம்பியையும் கொடுத்தார்.

அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியது.

அவள் மெஷினின் காலிலும் இதேபோல் ஒன்று நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. வேலைக்கு வந்த நாளிலிருந்து சோற்றுப் பையை அதில்தான் மாட்டுகிறாள்.

கொக்கி என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை மேனகா தன் மெஷின் முன்னால் நின்று பார்த்தாள். அதன் காலில் புதிதாக ஒரு வளைந்த கம்பி. பாவு நூலால் கட்டியிருந்தது.

“எனக்கும் ஒரு கொக்கி வந்திருச்சாட்ட இருக்குது” என்று பையை மாட்டினாள்.

அவளும் தன் மெஷின் காலில் பையை மாட்டினாள்.

மெஷின்கள் ஓடத் தொடங்கின. மேனகா குனிந்தாள். சடையின் நுனி புல்லியைத் தொட்டு, வழுக்கி, அவள் பக்கமே வந்து விழுந்தது.

மேனகாவுக்கு அது தெரியவில்லை. நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மெஷினில் அவள் தன் சோற்றுப் பையைக் கழற்றினாள். வளைந்த கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பையை மறுபடி மாட்டினாள்.