பெர்மிட் காணி

"கலியாணம் நடந்தால் காணி போயிடும், மச்சாள்!" என்று கத்தினான், அக்னெஸின் புருசனின் தம்பி வின்சன்ட்.

"போகட்டும்! மூண்டு ஏக்கருக்காக ஒரு சீவியத்தைப் பாழாக்கேலுமே?" என்று அக்னெஸும் விட்டுக்கொடுக்காமல் கத்தினாள்.

புலம்பெயர்ந்து வந்த சென்ட் லோரன்ட் நகரில், 2004இல், பக்கத்து வீட்டு மெற்றில்டா சுவரோடு காதை ஒட்டி நின்றாள். ஊரில், மன்னார்ப் பக்கத்தில் பெரிய தென்னந்தோட்டம் ஒன்றை அரசாங்கம் துண்டு போட்டு, குடியேறியவர்களுக்குக் பெர்மிட் என்ற அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தபோது, அக்னெஸின் காலஞ்சென்ற கணவருக்குக் கிடைத்த காணி அது. அக்னெஸின் மகள் கட்டினால் அது சீதனமாய்ப் போகலாம். இல்லாமல் எப்படிப் போகும்? மெற்றில்டாவுக்குத் தலை சுற்றியது.

படியில் அந்த மகள் ஜெயனியை மறித்தாள். "பொடியன் ஆர், பிள்ளை?"

"ஆத்துக்கு அங்கால லவாலில இருக்கிறார், அன்ரி. நல்ல மனுசர்."

பெட்டைக்கு வெட்கமே இல்லை என்று மெற்றில்டா நாலு வீட்டுக்குப் போன் போட்டாள்.

தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் சுவாமி, நடக்கப்போகிற கலியாணத்தை அறிவிக்கும் ஓலை வாசித்தார். மணமகள் அக்னெஸ்!

வாங்கில் பக்கத்தில் இருந்த வின்சன்ட் பல்லைக் கடித்தான். "புருசன் செத்தால் பெர்மிட் காணி பெஞ்சாதிக்கு வரும், மெற்றில்டா அக்கா. அவ திரும்பக் கட்டினால் இல்லை. அதுதான் சட்டம்."

அக்னெஸின் கையை விட்டுக் காணி போனது. அக்னெஸ் மோதிரம் மாற்றி, ஜெயனியையும் கூட்டிக்கொண்டு லவாலுக்குப் போய்விட்டாள். அந்த வீட்டுக்கு லெபனான் குடும்பமொன்று வந்திருக்கிறது. நாள் தவறாமல் சண்டை, மெற்றில்டாவுக்கு ஒரு சொல்லும் விளங்குவதில்லை.